கண் லென்ஸ் அணிவோரின் கண் உலர்வுக்கு ஒளி சிகிச்சை: நம் தோலுக்கு ஏற்றதா?

காலையில் போட்ட லென்ஸ் மதியம் வரை கண்ணில் இருப்பதே தெரியாது. மாலை நெருங்கும்போது மணல் விழுந்தது போல் உறுத்தத் தொடங்கும். கண் சிவக்கும், பார்வை மங்கித் தெளியும். வீட்டுக்குப் போய் எப்போது கழற்றுவோம் என்றிருக்கும். லென்ஸ் அணியும் பலருக்கு இது பழகிப்போன தொல்லை. சிலர் இதனாலேயே லென்ஸை விட்டுவிட்டு மூக்குக் கண்ணாடிக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இவர்களைக் குறிவைத்து இப்போது ‘ஒளி சிகிச்சை’ விளம்பரங்கள் வருகின்றன. சில நிமிடம் ஒளி பாய்ச்சினால் கண் உலர்வு தீர்ந்துவிடும் என்கின்றன. இந்தச் சிகிச்சை பொய்யல்ல. ஆனால் எல்லாருக்கும் உரியதும் அல்ல. முக்கியமாக, நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோல் உள்ளவர்கள் பணம் கட்டுவதற்கு முன் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி இதில் இருக்கிறது. விளம்பரங்களில் அது பெரும்பாலும் சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

கண்ணீரில் எண்ணெயும் உண்டு

நம் கண்ணின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. அழும்போது வரும் கண்ணீர் வேறு, இது வேறு. இந்தப் படலத்தில் மூன்று பொருள்கள் சேர்ந்துள்ளன. அடியில் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் வழவழப்பான சளி. நடுவில் உப்பு கலந்த நீர். மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு.

குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய் அதன் ஆவியை அடக்கி வைப்பது போல, கண்ணீரின் மேலுள்ள எண்ணெய் அது காய்ந்து போகாமல் காக்கிறது. இந்த எண்ணெய் இமைகளின் உள்ளே வரிசையாக இருக்கும் சுரப்பிகளிலிருந்து வருகிறது. மேல் இமையில் சுமார் 30 முதல் 40, கீழ் இமையில் சுமார் 20 முதல் 30 சுரப்பிகள் உள்ளன. 1666ஆம் ஆண்டில் இவற்றை விவரித்து எழுதிய ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோம் பெயரால் இவை மைபோமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. நாம் ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் இமை அழுந்தி, சிறிது எண்ணெய் வெளியே வந்து கண்மேல் பரவுகிறது.

இந்தச் சுரப்பிகள் அடைபட்டால் எண்ணெய் பற்பசை போல் கெட்டியாகிவிடும். வெளியே வராது. அப்போது கண்ணீர் போதுமான அளவு சுரந்தாலும் சீக்கிரம் ஆவியாகிவிடும். கண் உலர்வு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்தச் சுரப்பிக் கோளாறு ஓரளவாவது இருக்கிறது. ஒளி சிகிச்சை சரிசெய்ய முயல்வது இந்த எண்ணெய்ச் சுரப்பிகளைத்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

லென்ஸ் போட்டால் என்ன ஆகிறது?

கண்ணீர்ப் படலத்தின் தடிமன் சுமார் 3 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு. மென்மையான லென்ஸ் அதைவிட 20, 30 மடங்கு தடிமனானது. அவ்வளவு மெல்லிய படலத்தின் நடுவே லென்ஸ் உட்காரும்போது படலம் இரண்டாகப் பிரிகிறது. லென்ஸின் மேலே இருக்கும் பகுதியில் எண்ணெய்ப் பூச்சு சரியாகப் பரவுவதில்லை. எனவே நீர் வேகமாக ஆவியாகிறது. ஏற்கெனவே எண்ணெய் குறைவாகச் சுரக்கும் கண் என்றால் தொல்லை இரட்டிப்பாகும்.

லென்ஸ் அணிவதே இந்தச் சுரப்பிகளைக் குறைக்கிறதா என்ற கேள்வியும் உண்டு. ஜப்பானிய மருத்துவர் ரெய்கோ அரிட்டா குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், லென்ஸ் அணிவோருக்குச் சுரப்பி இழப்பு கூடுதலாக இருந்தது. அணிந்த ஆண்டுகள் கூடக்கூட இழப்பும் கூடியது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைச் சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை சுருங்கி அழிந்த சுரப்பியை மீட்பது கடினம் என்பதில் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. உறுத்தலைப் பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்டே லென்ஸ் போடக் கூடாது என்பதற்கு இது போதுமான காரணம்.

நம் வேலையும் ஒரு காரணம்

வெளியே காற்றில் ஈரம் மிகுந்த நாட்டில் கண் எப்படி உலரும் என்று கேட்கலாம். நாம் நாளைக் கழிக்கும் இடங்களைப் பாருங்கள். மின்னியல் தொழிற்சாலை, அலுவலகம், பேரங்காடி, பேருந்து என எங்கும் குளிர்சாதனம். கணினியையும் கைப்பேசியையும் உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. சிமிட்டினாலும் இமைகள் முழுதாக மூடுவதில்லை.

ஜோகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலை நான்கு மணிக்கே லென்ஸைப் போட்டுவிடுகிறார்கள். வீடு திரும்பிக் கழற்றும்போது 15, 16 மணி நேரம் ஆகியிருக்கும். மோட்டார் சைக்கிளில் முகக்கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓட்டினால் காற்று நேராகக் கண்ணில் அடிக்கும். புகைமூட்டம் வரும் மாதங்களில் நிலைமை இன்னும் மோசமாகும்.

பெண்கள் கவனிக்க வேண்டியது கண்மை. சுரப்பிகளின் வாய்கள் இமையின் விளிம்பில், முடி வரிசைக்கு உட்புறத்தில்தான் இருக்கின்றன. கண்மையை அந்த உள்விளிம்பில் இழுத்து எழுதினால் அது நேரே சுரப்பி வாய்களின் மேல் படியும். முடிக்கு வெளிப்புறம் எழுதுவதே பாதுகாப்பு.

ஒளி சிகிச்சை எங்கிருந்து வந்தது?

இதன் பெயர் ‘இன்டென்ஸ் பல்ஸ்ட் லைட்’, சுருக்கமாக ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! இது லேசரும் அல்ல. கேமரா ஃபிளாஷ் போல நொடிக்கும் குறைவான நேரம் வெட்டி மறையும், பல நிறங்கள் கலந்த வலுவான ஒளி. 1990களிலிருந்து தோல் சிகிச்சையில், முகத்தில் தெரியும் சிறு இரத்த நாளங்களை மறைக்கவும் முடி நீக்கவும் இது பயன்பட்டு வருகிறது.

2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரக் கண் மருத்துவர் ரொலாண்டோ டோயோஸ் ஒன்றைக் கவனித்தார். முகம் சிவந்து தடிக்கும் ‘ரோசேஷியா’ என்ற தோல் நோய்க்காக ஐ.பி.எல். செய்துகொண்டவர்களுக்குக் கண் உலர்வும் குறைந்திருந்தது. அங்கிருந்துதான் இது கண் மருத்துவத்துக்கு வந்தது.

சிகிச்சை இப்படி நடக்கும். லென்ஸைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, கண்களை ஒளி புகாத மூடியால் மறைப்பார்கள். கீழ் இமைக்குக் கீழே, ஒரு காதோரத்திலிருந்து மூக்கின் மேலாக மறு காதோரம் வரை குளிர்ந்த ஜெல் தடவி ஒளியைப் பாய்ச்சுவார்கள். ரப்பர் வளையத்தை இழுத்து விட்டாற்போல் லேசாகச் சுள்ளென்று இருக்கும். பிறகு மருத்துவர் இமைகளை அழுத்திக் கெட்டி எண்ணெயை வெளியேற்றுவார். எல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒருமுறை போதாது. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் மூன்று, நான்கு முறை செய்வது வழக்கம். பலன் சில மாதங்களில் குறையும் என்பதால் பிறகும் அவ்வப்போது செய்ய வேண்டிவரும்.

கண்ணுக்குக் கீழே பாய்ச்சும் ஒளி இமைச் சுரப்பியை எப்படிச் சரிசெய்கிறது? இமை விளிம்பில் வீங்கியிருக்கும் சிறு இரத்த நாளங்கள் சுருங்குவதால் அழற்சி குறைகிறது என்பது முதன்மையான விளக்கம். வெப்பத்தில் எண்ணெய் இளகுவதும், இமை முடிகளில் வாழும் நுண்ணிய உண்ணிகள் குறைவதும் கூடுதல் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

பலன் எவ்வளவு உறுதி?

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு நல்ல முறையில் அமைக்கப்பட்டது. 28 பேருக்கு ஒரு கண்ணின் கீழே உண்மையான ஒளியும் மறு கண்ணின் கீழே போலி ஒளியும் பாய்ச்சினார்கள். உண்மையான ஒளி பெற்ற கண்ணில் எண்ணெய்ப் படலம் மேம்பட்டது. 2020இல் உலகளாவிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, தகுதியான ஆய்வுகள் மூன்றுதான் கிடைத்தன, அவற்றை வைத்து உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்றது. 2021 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எண்ணெய்ச் சுரப்பிக் கோளாறால் வரும் கண் உலர்வுக்கென ஓர் ஐ.பி.எல். கருவியை முதன்முறையாக அனுமதித்தது.

சுருக்கமாகச் சொன்னால், எண்ணெய்ச் சுரப்பிக் கோளாறு உள்ளவர்களில் பலருக்குப் பலன் தெரிகிறது. நிரந்தரத் தீர்வு என்று யாரும் நிரூபிக்கவில்லை. லென்ஸ் அணிவோரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகள் குறைவு, சிறியவை. உங்கள் உறுத்தலுக்குக் காரணம் லென்ஸின் அளவோ, அதில் படிந்த அழுக்கோ, கழுவும் திரவம் ஒத்துக்கொள்ளாததோ என்றால் எத்தனை முறை ஒளி பாய்ச்சினாலும் குணமாகாது.

தோல் நிறம் ஏன் முக்கியம்?

ஐ.பி.எல். ஒளி இரத்த நாளங்களை மட்டும் தேடிப் போவதில்லை. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினும் அதே ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. வெள்ளைத் தோலில் மெலனின் குறைவு, ஒளி எளிதாக உள்ளே போய்விடும். கறுத்த தோலில் மேல்பரப்பிலேயே ஒளி தங்கி வெப்பமாக மாறும். விளைவு: தீக்கொப்புளம், மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டு, சில சமயம் வெளுத்த தழும்பு. அதுவும் கண்ணுக்குக் கீழே, முகத்தின் நடுவில்.

தோலின் நிறத்தையும் வெயிலில் அது எப்படிக் கன்றுகிறது என்பதையும் வைத்து ஆறு வகையாகப் பிரிக்கும் முறையை அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல் தொடங்கி வைத்தார். 1 என்பது மிக வெளிர் தோல், 6 என்பது மிகக் கறுத்த தோல். தமிழர்களில் பெரும்பாலோர் 4 முதல் 6 வரையிலான வகைகளில் வருவோம். 2021இல் அமெரிக்கா தந்த அனுமதி 22 வயதுக்கு மேற்பட்ட, 1 முதல் 4 வரையிலான தோல் வகையினருக்கு மட்டுமே. 5, 6 வகையினர் அதில் சேரவில்லை.

உங்கள் வகையை நீங்களே கண்ணாடி பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அனுபவமுள்ள மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் 4ஆம் வகையாக இருப்பவர் வெயிலில் கறுத்தபின் அதே அளவு ஒளியைத் தாங்கமாட்டார். செம்பனைத் தோட்டத்திலோ கட்டுமானத்திலோ வேலை செய்பவர்கள், தைப்பூசத்தில் நாள் முழுதும் வெயிலில் நடந்து வந்தவர்கள் அந்த வாரமே இதைச் செய்துகொள்ளக் கூடாது. முடிந்தபிறகும் சில வாரங்கள் முகத்தில் நேரடி வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வெயில் தடுப்புக் களிம்பு பூச வேண்டும். வெளியில் வேலை செய்பவருக்கு இது இயலுமா என்பதையும் முன்பே யோசிக்க வேண்டும்.

இதைப் படித்து மனம் தளர வேண்டாம். தோல் நிறத்தைச் சாராத வழிகளும் உள்ளன. சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் பதித்த முகமூடியை 15 நிமிடம் போல் அணிவிக்கும் குறைந்த ஆற்றல் ஒளி சிகிச்சை அவற்றுள் ஒன்று. அது தோலைச் சுடும் அளவுக்கு வலுவானதல்ல. ஆனால் அதற்கான ஆய்வுகள் ஐ.பி.எல்.-ஐ விடவும் குறைவு. இணையத்தில் முக அழகுக்கு விற்கும் சிவப்பு விளக்கு முகமூடியும் மருத்துவக் கருவியும் ஒன்றல்ல.

இன்னொன்று, ஒளியே இல்லாத வெப்பச் சிகிச்சை. இமையின் உட்புறத்தைச் சுமார் 42 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, வெளியிலிருந்து மெல்ல அழுத்தி எண்ணெயை வெளியேற்றும் கருவி அமெரிக்காவில் 2011 முதல் புழக்கத்தில் உள்ளது. ஒருமுறை செய்ய 12 நிமிடம். லென்ஸ் அணிவோரிடம் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், உறுத்தல் இல்லாமல் லென்ஸ் அணியும் நேரம் நாளுக்குச் சராசரி 4 மணி நேரம் கூடியது. அந்த ஆய்வை நடத்தியவர்களில் கருவி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

யார் ஐ.பி.எல். செய்துகொள்ளக் கூடாது?

தோல் நிறம் தவிர, கீழ்க்கண்டவர்களும் முதலில் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்:

• கர்ப்பிணிகள்
• லூப்பஸ் போன்ற, வெளிச்சம் பட்டால் கூடும் நோய் உள்ளவர்கள்
• முகத்தில் தோல் புற்றுநோய், அக்கி, ஆறாத புண் உள்ளவர்கள்
• சமீபத்தில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்
• புருவத்திலோ இமையிலோ பச்சை குத்தியவர்கள்
• முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை, முகத்தை வெளுக்க வைக்கும் களிம்பு பயன்படுத்துபவர்கள்
• டாக்சிசைக்கிளின் மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரை சாப்பிடுபவர்கள்

கடைசியில் சொன்ன இரண்டும் தோலை வெளிச்சத்துக்குக் கூசச் செய்யும் மருந்துகள். இதில் டாக்சிசைக்கிளின் இமைச் சுரப்பிக் கோளாறுக்கே எழுதித் தரப்படும் மருந்து. எனவே மாத்திரைப் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

அழகு நிலையங்களில் முடி நீக்கும் ஐ.பி.எல். கருவியைக் கண்ணருகே பயன்படுத்த ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். கருவிழியைச் சுற்றியுள்ள நிறப்பகுதியிலும் மெலனின் உண்டு. சரியான மறைப்பு இல்லாமல் ஒளி பட்டு அந்தப் பகுதி நிரந்தரமாகச் சேதமடைந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

முதலில் செய்ய வேண்டியவை

பெரும்பாலோருக்கு ஒளி சிகிச்சை வரை போக வேண்டிய தேவையே வராது. செலவு குறைந்த வழிகளை ஒழுங்காக நான்கு, ஆறு வாரம் செய்து பாருங்கள்.

வெந்நீர் ஒத்தடம்: லென்ஸைக் கழற்றிவிட்டு, பொறுக்கும் சூட்டில் உள்ள நீரில் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து மூடிய கண்மேல் வையுங்கள். சுமார் 40 டிகிரி சூடு போதும். இரண்டு நிமிடத்தில் துணி ஆறிவிடும் என்பதால் மீண்டும் நனைத்து மொத்தம் 10 நிமிடம் செய்ய வேண்டும். பிறகு மேல் இமையை மேலிருந்து கீழாகவும் கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் விரலால் மெல்ல நீவி விடுங்கள். கண்ணை அழுத்தித் தேய்க்கக் கூடாது.

லென்ஸை மாற்றுதல்: மாத லென்ஸ் அணிபவர்கள் ஒருநாள் லென்ஸுக்கு மாறினால் அழுக்குப் படிவதும் திரவ ஒவ்வாமையும் இல்லாமல் போகும். அணியும் நேரத்தைக் குறையுங்கள். வாரத்தில் ஓரிரு நாள் மூக்குக் கண்ணாடி போடுங்கள். லென்ஸோடு தூங்கவே வேண்டாம்.

சொட்டு மருந்து: லென்ஸ் அணிந்தபடி விடலாம் என்று குறிப்பிட்டுள்ள, பதப்படுத்தும் பொருள் சேராத செயற்கைக் கண்ணீரை வாங்குங்கள். கண்ணை வெளுக்கச் செய்யும் சொட்டு மருந்தும், யாருக்கோ எழுதித் தந்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் வேண்டாம். விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு என்று பெரியவர்கள் அன்போடு சொல்வதையும் கண்ணில் விடாதீர்கள்.

கண் சிமிட்டுதல்: 20 நிமிடத்துக்கு ஒருமுறை திரையை விட்டுப் பார்வையை எடுத்து, இமைகள் ஒன்றையொன்று தொடும்படி பத்து முறை முழுதாகச் சிமிட்டுங்கள். காசு செலவில்லாத மருந்து இது.

நீரிழிவு உள்ளவர்களுக்குக் கண் உலர்வு வரும் வாய்ப்பு அதிகம். கருவிழியின் உணர்ச்சியும் குறைந்திருக்கும் என்பதால் புண் ஏற்பட்டாலும் வலி தெரியாமல் போகலாம். நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. லென்ஸ் அணியும் நீரிழிவு நோயாளிகள் உறுத்தலைச் சாதாரணமாக எண்ணக் கூடாது.

உலர்வு என்று ஏமாறாதீர்கள்

லென்ஸைக் கழற்றியதும் உறுத்தல் குறைந்தால் அது பெரும்பாலும் உலர்வு. கழற்றிய பிறகும் வலி கூடினாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, ஒரு கண் மட்டும் கடுமையாகச் சிவந்தாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, பார்வை மங்கினாலோ அது கிருமித் தொற்றாக இருக்கலாம். மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கழற்றிய லென்ஸையும் அதன் டப்பாவையும் எடுத்துப் போனால் கிருமியைக் கண்டறிய உதவும். 2005, 2006ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூரில் லென்ஸ் அணிந்த பலருக்குப் பூஞ்சைத் தொற்று பரவி, ஒரு லென்ஸ் திரவம் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

குழாய் நீரிலும் தொட்டி நீரிலும் கருவிழியைத் துளைக்கும் அமீபா இருக்கக்கூடும். லென்ஸை அந்த நீரில் கழுவாதீர்கள். லென்ஸோடு ஆற்றிலோ நீச்சல் குளத்திலோ இறங்காதீர்கள். மலேசியாவில் 1991ஆம் ஆண்டு சட்டப்படி, பவர் இல்லாத வண்ண லென்ஸைக்கூட உரிய பதிவு பெற்றவர்களே விற்கலாம். பாசார் மாலாமில் வாங்கும் லென்ஸ் கண்ணுக்கே உலை வைக்கும்.

பணம் கட்டுமுன் கேளுங்கள்

ஒளி சிகிச்சை செய்வது என்று முடிவெடுத்தால், இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்:

1. என் கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது? பத்து நொடிக்கும் குறைவு என்றால் உலர்வுக்கு வாய்ப்புண்டு.
2. என் எண்ணெய்ச் சுரப்பிகளைப் படம் எடுத்துக் காட்ட முடியுமா? எத்தனை எஞ்சியிருக்கின்றன?
3. என் தோல் எந்த வகை? இந்தக் கருவி அந்த வகைக்கு அனுமதி பெற்றதா?
4. என் நிறத்தோல் உள்ளவர்களுக்கு இதற்கு முன் செய்திருக்கிறீர்களா? முதலில் காதருகே சிறிய இடத்தில் சோதித்துப் பார்ப்பீர்களா?
5. ஒளியைப் பாய்ச்சுவது மருத்துவரா, உதவியாளரா?
6. மொத்தம் எத்தனை முறை, எல்லாம் சேர்த்து எவ்வளவு? பிறகு மீண்டும் எப்போது செய்ய வேண்டும்?
7. எனக்கு இது ஏற்றதல்ல என்றால் வேறு என்ன வழி?

மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் சொல்லாமல், ‘இன்றே கட்டினால் தள்ளுபடி’ என்று பேச்சை மாற்றும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் பரிசோதனைக்குப் பெரிய தனியார் மையம்தான் போக வேண்டும் என்பதில்லை. தோட்டப்புறத்தில் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டணத்தில் காட்டி, தேவைப்பட்டால் மாவட்ட மருத்துவமனையின் கண் பிரிவுக்குக் கடிதம் கேட்கலாம். பட்டணத்தில் இருப்பவர்கள் பதிவு பெற்ற ஆப்டோமெட்ரிஸ்டிடம் கண்ணீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்கலாம். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் காட்டினால், தேவை கருதித் தேசியக் கண் நிலையத்துக்கு அனுப்புவார்கள். போகும்போது லென்ஸ் பெட்டி, கழுவும் திரவம், சாப்பிடும் மாத்திரைகள் மூன்றையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பரிசோதனைக்கு முந்திய நாளே லென்ஸைக் கழற்றிவிட்டு மூக்குக் கண்ணாடியோடு போவது நல்லது.